பழைய கிளட்ச் பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பார்!

"ஒரே வருஷத்தில் அப்பா காருக்கு இரண்டு தடவை கிளட்ச் மாற்றியாச்சு. இப்போ மறுபடியும் வண்டி இழுக்கவில்லை. ஏன் மாமா?" என்று மல்காஜ்கிரியிலிருந்து கேட்டிருக்கிறாய். சபாஷ் கண்ணு! பெரியவர்கள் சலித்துக்கொண்டு பணம் கட்டிவிட்டு வரும் இடத்தில், நீ காரணம் கேட்கிறாய்.

முதலில், கிளட்ச் எதற்கு? கார் நிற்கும்போதும் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். சக்கரமோ அசையாமல் நிற்கும். இரண்டையும் சட்டென்று இணைத்தால்? வண்டி ஒரு குதி குதித்து அணைந்துவிடும்.

அதனால் நடுவில் ஒரு தட்டு வைத்தார்கள். அதுதான் கிளட்ச் பிளேட். சின்னக் கார்களில் அதன் விட்டம் 20 சென்டிமீட்டர் போல இருக்கும். எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் ஒரு பக்கம், பிரஷர் பிளேட் மறு பக்கம். இரண்டும் சேர்ந்து அதை அழுத்திப் பிடிக்கும். பெடலை மிதித்தால் பிடி விடும். காலை எடுத்தால் மறுபடி பிடிக்கும். இதுவரை புரிந்ததா?

இப்போது இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்து. சூடு இல்லை. அப்படியே வேகமாகத் தேய். சுடுகிறதல்லவா? கிளட்சும் அப்படித்தான். இறுக்கிப் பிடித்தால் சூடாகாது. வழுக்கினால் சூடாகித் தேயும்.

உங்கள் ஊரில் ரயில் பாதைக்கு அடியில் போகும் பாலம் தெரியுமே? மாலை நெரிசலில் இறங்கி, மறுபக்க மேட்டில் ஏற வேண்டும். முன் வண்டி ஓரடி நகர்ந்தால் நாமும் ஓரடி. கார் பின்னால் சரியாமலிருக்க, ஹேண்ட்பிரேக் போடாமல் பெடலைப் பாதி மிதித்தே பலர் சமாளிப்பார்கள். இதைத்தான் 'ஹாஃப் கிளட்ச்' என்கிறோம். அத்தனை நேரமும் தட்டு வழுக்கிக்கொண்டே இருக்கும். கருகல் வாடை வருவது அதனால்தான். பக்குவமாக ஓட்டினால் 60,000 கிலோமீட்டருக்கு மேல் உழைக்கும் தட்டு, இப்படி ஓட்டினால் 20,000 கூடத் தாண்டாமல் போகலாம்.

சரி, புதுசு போட்டும் ஏன் போகிறது? இதில்தான் எனக்கு வருத்தம். தட்டை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். அவ்வளவு கழற்றியும், சிலர் பழைய தட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்தாலே பாதி காரணம் தெரிந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், உள்ளே ஏதோ ஆயில் சீல் கசிகிறது. சீலை மாற்றாமல் எத்தனை தட்டு போட்டாலும் வழுக்கும். ஃப்ளைவீலில் நீலத் திட்டுகள் இருந்தால், அது கடுமையாகச் சூடேறியிருக்கிறது.

கேபிள் கிளட்ச் என்றால் இன்னொன்றும் உண்டு. பெடலில் கொஞ்சமும் தளர்வு இல்லாமல் கேபிளை இறுக்கிவிட்டால், யாரும் மிதிக்காமலே அது ஹாஃப் கிளட்ச்தான்!

அடுத்த முறை அப்பாவோடு நீயும் ஒர்க்‌ஷாப்புக்குப் போ. "அண்ணா, பழைய பிளேட்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேள். எண்ணெய் இருக்கிறதா, ரிவெட் வரை தேய்ந்திருக்கிறதா என்று உற்றுப் பார். அதன் மேல் இருக்கும் தூசியை மட்டும் ஊதிவிடாதே. மூச்சில் போனால் கெடுதல்.