சட்டத்துக்கு முன்பே வந்த பெற்றோர் குழுக்கள்: குண்டலுபேட்டைப் பள்ளி விழாக்களின் மறுபக்கம்

புது தில்லி: மைசூரிலிருந்து உதகைக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது குண்டலுபேட்டை. இங்கிருந்து ஒரு சாலை பந்திப்பூர் காட்டின் வழியே முதுமலைக்கும், மற்றொன்று வயநாட்டுக்கும் பிரிகிறது. மழைக்காலத்தில் சாலையின் இருபுறமும் செண்டுமல்லியும் சூரியகாந்தியும் பூத்துக் கிடக்கும். வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் பயணிகளில் எவரும், அந்தப் பூக்காட்டுக்குப் பின்னால் உள்ள ஊர்களின் அரசுப் பள்ளிக்கூடங்களை எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தால், நாடாளுமன்றத்தில் 2009-ம் ஆண்டு நிறைவேறிய ஒரு சட்டப்பிரிவின் பூர்வீகம் இங்கே இருப்பது தெரியவரும்.

கர்நாடக அரசுப் பள்ளிகளில் நடைபெறும் விழாக்களில் ஒன்றுக்கு ‘மக்கள சந்தே’ என்று பெயர். தமிழ்க் காதுக்கு ‘மக்கள் சந்தை’ என்றே ஒலிக்கும். ஆனால் கன்னடத்தில் ‘மக்களு’ என்றால் குழந்தைகள். (குறளில் ‘மக்கட்பேறு’ என்று ஓர் அதிகாரம் இருப்பதை நினைத்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.) பள்ளி வளாகத்தில் மாணவர்கள் சாக்கு விரித்துக் கடை போடுவார்கள். வீட்டுத் தோட்டத்தில் பறித்த கீரை, தக்காளி, பச்சை மிளகாய், தேங்காய் ஆகியவற்றை எடை போட்டு விற்பார்கள். வாங்க வருபவர்கள் பெற்றோரும் ஊராரும்தான். கூட்டல், கழித்தல், நிறுத்தல், சில்லறை கொடுத்தல் அனைத்தும் அங்கே தேர்வுக்கு வருகின்றன.

குண்டலுபேட்டை வட்டத்தைப் பொறுத்தவரை இது வெறும் விளையாட்டு என்று சொல்லிவிட முடியாது. இவ்வட்டத்தைச் சேர்ந்த தெரகணாம்பியின் காய்கறிச் சந்தை கேரள வியாபாரிகள் வரை அறிந்த ஒன்று. தக்காளி விலை விழுந்தால் எந்த வீட்டில் அடுப்பு எரிவதில் சிக்கல் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். அத்தகைய ஊரில் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கணக்குத் தவறாமல் வியாபாரம் செய்து காட்டும்போது, கூலிவேலை செய்யும் தாய்க்கு அந்தத் திறமையின் மதிப்பை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மதிப்பெண் பட்டியலில் உள்ள ‘ஏ’, ‘பி’ எழுத்துகள் இந்த அளவுக்குப் பேசுமா என்பது சந்தேகமே.

இதைத் தவிர ‘பிரதிபா காரஞ்சி’ உண்டு. திறமையின் நீரூற்று என்று பொருள். 2000-களின் தொடக்கத்திலிருந்து மாநிலம் முழுவதும் நடத்தப்படும் இப்போட்டிகளில் கோலாட்டம், நாட்டுப்புறப் பாடல், களிமண் உருவம், கதை சொல்லுதல் எனப் பல பிரிவுகள் உள்ளன. பள்ளித் தொகுப்பு, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக மேலே செல்லலாம். ‘சமுதாயதத்த சாலே’, அதாவது சமுதாயத்தை நோக்கிப் பள்ளி, என்ற மற்றொரு நிகழ்ச்சியில் குழந்தைகளின் குறிப்பேடுகளும் கற்றல் முன்னேற்றமும் பெற்றோர் முன் வைக்கப்படுகின்றன.

விழாக்கள் எல்லா மாநிலங்களிலும் நடக்கின்றன. கர்நாடகத்தில் கவனிக்க வேண்டியது, விழாவின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோருக்குக் கைதட்டும் உரிமைக்கு மேல் வேறொன்றும் அளிக்கப்பட்டிருப்பது. அதன் கதை 2001-ல் தொடங்குகிறது.

1999-ல் எஸ்.எம். கிருஷ்ணா முதல்வரானபின், கல்வியைச் சீரமைக்க வழி சொல்லுமாறு டாக்டர் ராஜா ராமண்ணா தலைமையில் ஒரு பணிக்குழு அமைக்கப்பட்டது. 1974 பொக்ரான் அணுச் சோதனையை முன்னின்று நடத்தியவரும், அப்போது மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தவருமான அதே ராமண்ணாதான். அப்பணிக்குழுவின் யோசனையை ஏற்று, ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ‘பள்ளி வளர்ச்சி மற்றும் கண்காணிப்புக் குழு’ அமைக்க 2001-ல் அரசு ஆணை பிறப்பித்தது. அதற்கு முன் இருந்த கிராமக் கல்விக் குழுக்களில் ஊர்ப் பெரியவர்களின் கையே ஓங்கியிருந்தது. புதிய குழுவிலோ பிள்ளையை அந்தப் பள்ளியில் படிக்க வைப்பவருக்கே முதலிடம். பெற்றோர் கூடி ஒன்பது பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களில் ஒருவரே தலைவர். பெயரிலேயே ‘கண்காணிப்பு’ என்ற சொல் இருந்ததை ஆசிரியர் வட்டாரம் தொடக்கத்தில் ரசிக்கவில்லை என்பதில் வியப்பில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து இதே கருத்து தில்லிக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கிய 86-வது அரசியல் சட்டத் திருத்தம் 2002-லேயே நிறைவேறியிருந்தும், அதற்கான சட்டம் வருவதற்கு 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஜூலை 20-ல் மாநிலங்களவையும், ஆகஸ்ட் 4-ல் மக்களவையும் மசோதாவை நிறைவேற்றின. தலைமுறைகளின் தலைவிதியை மாற்றக்கூடிய சட்டம் என்று உறுப்பினர்கள் பேசியபோது அவையில் பல இருக்கைகள் காலியாகவே கிடந்தன. 2010 ஏப்ரல் 1-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் 21-வது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியது. குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவினருக்கு உரிய விகிதத்தில் இடம் தரப்பட வேண்டும். பள்ளி நடப்பதைக் கண்காணித்தல், வளர்ச்சித் திட்டம் தயாரித்துப் பரிந்துரைத்தல், மானியம் எவ்வாறு செலவாகிறது என்று பார்த்தல் ஆகியவை குழுவின் பணிகள். கர்நாடகம் தன் பழைய குழுவின் பெயரையே தக்கவைத்துக்கொண்டு புதிய சட்டத்துக்கு ஏற்ப அதை மாற்றியமைத்தது.

குண்டலுபேட்டைக்குப் பேரவை வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. கர்நாடக சட்டப்பேரவையின் முதல் பெண் தலைவராக 1972 முதல் 1978 வரை பணியாற்றிய கே.எஸ். நாகரத்னம்மா இத்தொகுதியிலிருந்து பலமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். பள்ளிக் குழுவில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் சொல்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பேரவையின் உயர்ந்த நாற்காலிக்கு ஒரு பெண்ணை அனுப்பிய ஊர் இது.

1997-ல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் பிரிக்கப்பட்டபோது குண்டலுபேட்டை புதிய மாவட்டத்தோடு சென்றுவிட்டது. எனினும் பழைய மைசூர் மாவட்டத்தின் காட்டோரப் பகுதி முழுவதற்கும் பொதுவான ஒரு கல்விப் பெருமை இருக்கிறது. அண்டை வட்டாரமான ஹெக்கடதேவன கோட்டையில் 1995-ல் பிறந்த ‘நலி கலி’ முறைதான் அது. ஆடிப்பாடிக் கற்பது என்று பொருள் கொள்ளலாம். ஆந்திரத்தின் ரிஷிவேலி பள்ளிக்குச் சென்று அங்குள்ள முறையைப் பார்த்து வந்த அரசுப் பள்ளி ஆசிரியர்கள், யுனிசெஃப் உதவியுடன் தங்கள் ஊருக்கு ஏற்ற அட்டைகளையும் பாடல்களையும் தாங்களே உருவாக்கினார்கள். ஒரே ஆசிரியர், ஒரே அறை, மூன்று வகுப்புகள் என்ற காட்டோரப் பள்ளியின் நெருக்கடிக்கு விடையாக வந்த முறை இது. குழந்தை தன் வேகத்தில் ‘கற்றல் ஏணி’யில் ஏறும்; உடம்பு சரியில்லாமலோ, பெற்றோருடன் தோட்ட வேலைக்குப் போயோ சில வாரங்கள் வராமல் இருந்தாலும், விட்ட படியிலிருந்து தொடரலாம். 2009-10-ல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு இது விரிவுபடுத்தப்பட்டது. அதே ரிஷிவேலி ஊற்றிலிருந்துதான் தமிழகத்தின் செயல்வழிக் கற்றலும் வந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-ல் அது மாநிலம் முழுவதும் பரவியது.

இவ்வளவும் பெருமைக்குரிய பக்கம். மறுபக்கம் காட்டின் விளிம்பில் இருக்கிறது.

புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973-ல் தொடங்கப்பட்டபோது தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஒன்பது காப்பகங்களில் பந்திப்பூரும் ஒன்று. காட்டுக்குள் வாழ்ந்த ஜேனு குருபர் உள்ளிட்ட பழங்குடியினர் பலர் இன்று காட்டோரத்தில் ‘ஹாடி’ எனப்படும் குடியிருப்புகளில் வசிக்கின்றனர். காட்டுச் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனப் போக்குவரத்துக்கு 2009-லிருந்து தடை இருப்பதைத் தமிழக வாசகர்கள் அறிவார்கள். வண்டிகளில் அடிபடும் விலங்குகளுக்காக அந்தத் தடை வந்தது. அதே யானை நடமாடும் பகுதியில் ஆறு வயதுக் குழந்தை நடந்து பள்ளிக்குச் செல்வதைப் பற்றிய விவாதம் அந்த அளவுக்குச் சூடாக நடக்கவில்லை.

சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்துக்காக மத்திய அரசு 2010-ல் வகுத்த மாதிரி விதிகளின்படி, முதல் ஐந்து வகுப்புகளுக்கான பள்ளி ஒரு கி.மீ. தொலைவுக்குள்ளும், அடுத்த மூன்று வகுப்புகளுக்கானது மூன்று கி.மீ. தொலைவுக்குள்ளும் இருக்க வேண்டும். நிலச்சரிவு, வெள்ளம், சாலையின்மை போன்றவற்றாலோ, வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் குழந்தைகளுக்கு வேறு ஆபத்து இருந்தாலோ, இந்தத் தூரத்தைக் குறைத்து அதற்கேற்பப் பள்ளியை அமைக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் சொல்கின்றன. பள்ளி அமைக்க முடியாத சிறு குடியிருப்புகளுக்கு இலவசப் போக்குவரத்து வசதி போன்ற ஏற்பாடு வேண்டும் என்பதும் விதிதான். விதியை எழுதியவர் யானையை நினைத்து எழுதினாரோ இல்லையோ, பந்திப்பூர் எல்லைக்கு அது அப்படியே பொருந்துகிறது.

இந்த விதியை எடுத்துக்காட்டிக் கேட்க வேண்டியவர்கள் பெற்றோர் குழுவினர். ஆனால் நாட்கூலியை இழந்துதான் ஹாடியைச் சேர்ந்த தாய் ஒருவர் பகல் நேரக் கூட்டத்துக்கு வர முடியும். குடகிலும் வயநாட்டிலும் தோட்ட வேலை இருக்கும் மாதங்களில் அவர் ஊரிலேயே இருக்கமாட்டார். சட்டம் அவருக்கு இருக்கை தந்திருக்கிறது. அன்றைய கூலியை ஈடுசெய்ய எந்த ஏற்பாடும் தரவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018-ல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 30 மாணவர்கள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ. 10,000, 100 பேர் வரை ரூ. 25,000, ஆயிரம் பேரைத் தாண்டினால் ரூ. 1 லட்சம். இதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு. காட்டோரத்தில் இருபது, இருபத்தைந்து பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு மாதம் ஆயிரம் ரூபாய்கூட வராது. சுண்ணக்கட்டி, பதிவேடு, குழாய் பழுது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பரிசளிப்பு விழாவுக்கு ஊராரின் கையை எதிர்பார்ப்பதைத் தவிர வேறு வழி என்ன இருக்கிறது? மேலே, இதே திட்டத்தின் நிதி பெரும் அரசியலாகிறது. 2024-25-க்கான ரூ. 2,152 கோடியை மத்திய அரசு தரவில்லை என்று தமிழக அரசு புகார் கூறியதும், 2025 மார்ச்சில் அதையொட்டி மக்களவையில் எழுந்த அமளியும் நினைவிருக்கும். அந்த அமளியின் சத்தம் குழு உறுப்பினரின் பத்தாயிரம் ரூபாய்க் கணக்கு வரை வந்து சேர்வதில்லை.

ஊரார் தோள்கொடுப்பது தமிழகத்துக்குப் புதிதன்று. காமராஜர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்தபோது, 1958-ல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் கிராம மக்கள் பெஞ்சு, கடிகாரம், கட்டடம், நிலம் என அள்ளிக் கொடுத்தார்கள். அந்த மாநாடுகளும் விழாக்கள்தான். அன்று மக்கள் கொடுத்தார்கள், அரசு நன்றி சொன்னது. கேட்கும் அதிகாரம் சட்டமாக வருவதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. தமிழகத்தில் மேலாண்மைக் குழுக்கள் 2022-ல் 20 உறுப்பினர்களுடன் மறுகட்டமைப்பு செய்யப்பட்டு, 2024-ல் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டன. இவ்விஷயத்தில் அண்டை மாநிலத்தின் அனுபவத்தை நம்மவர்கள் கூர்ந்து பார்ப்பது நல்லது.

ஏனெனில் கர்நாடகத்தில் இப்போது வேறொரு கேள்வி எழுந்திருக்கிறது. மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே வளாகத்தில் நடத்தும் ‘கர்நாடக பப்ளிக் பள்ளி’கள் 2018-19 முதல் உருவாக்கப்பட்டு வருகின்றன. வசதிகள் பெருகும் என்கிறது அரசு. சுற்றியுள்ள சிறிய பள்ளிகள் அவற்றோடு இணைக்கப்பட்டுவிடுமோ என்று அஞ்சுகின்றன கல்வி அமைப்புகள். இருபது பிள்ளைகள் உள்ள பள்ளியை மூடுவதா என்று முடிவெடுக்கும்போது பெற்றோர் குழுவின் சம்மதம் தேவையா? 21-வது பிரிவைப் புரட்டிப் பார்த்தால் கண்காணிக்கலாம், பரிந்துரைக்கலாம் என்றிருக்கிறது. மூடுவதைத் தடுக்கலாம் என்று எங்குமில்லை. நிர்ணயிக்கப்படும் ‘பிற பணிகள்’ என்ற ஒரு சொற்றொடர் மட்டும் இருக்கிறது. அதற்குள் இந்த அதிகாரத்தைச் சேர்ப்பது மாநில அரசுகளின் கையில்.

இப்போதைக்குப் பெற்றோரிடம் இருக்கும் கருவி ஒன்றே ஒன்று: 22-வது பிரிவு சொல்லும் பள்ளி வளர்ச்சித் திட்டம். மாதிரி விதிகளின்படி அது மூன்றாண்டுத் திட்டம். எத்தனை மாணவர்கள், எத்தனை ஆசிரியர்கள் தேவை, கூடுதலாக என்ன வசதி வேண்டும், என்ன செலவாகும் என்று அதில் எழுத வேண்டும். குழுத் தலைவர் கையெழுத்திட்டு, நிதியாண்டு முடிவதற்குள் உள்ளாட்சி அமைப்பிடம் தர வேண்டும். ஹாடியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒரு வண்டி, வளாகத்துக்கு ஒரு வேலி, இன்னுமோர் ஆசிரியர் என்று அதில் எழுதிவிட்டால் அது அரசின் கோப்பில் ஏறிவிடும். ‘மக்கள சந்தே’ முடிந்து, மீதமான கீரைக்கட்டுகளோடு குழந்தைகள் வீடு திரும்பிய பிறகு, குழு உட்கார்ந்து நிரப்ப வேண்டிய தாள் அது.