மாமாவோட ஜீப் ஏன் கொதிச்சது?

போன மே மாச லீவுல வெம்பக்கோட்டைக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல்ல அவரோட பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப், பானெட்டைத் திறந்தபடி நின்னுட்டு இருந்துச்சு. ஒரே வருஷத்துல ரெண்டு தடவை ஹெட் கேஸ்கெட் போய், ரெண்டு தடவையும் மாத்தியாச்சு. செலவு 20,000 ரூபாயைத் தாண்டிருச்சு. இப்ப மறுபடியும் கொதிக்குது.

"இன்னொரு தடவை செலவு பண்ண முடியாது மருமகனே. பழைய இரும்புக்குப் போட்டுரலாம்னு இருக்கேன். நீ மெக்கானிக்கல்தான படிக்கிற, ஒரு தடவை பாரேன்"னார்.

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல எனக்கு நல்ல மார்க்தான். ஆனா அந்த நிமிஷம் எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. அன்னிக்கு நான் கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல கொஞ்சம் தியரி

டீசலை எரிச்சா வர்ற சக்தில ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வேலையா போகுது. இன்னொரு பங்கு புகையோட வெளியே போயிடும். மிச்சம் இருக்கிற பங்கை கூலிங் சிஸ்டம்தான் சுமக்கணும். வாட்டர் பம்ப் தண்ணியை இன்ஜின் பிளாக், ஹெட் வழியா தள்ளும். ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸ் தாண்டினதும் தெர்மோஸ்டாட் திறக்கும். தண்ணி ரேடியேட்டருக்குப் போய், காத்துகிட்ட சூட்டைக் கொடுத்துட்டுத் திரும்பும்.

ரேடியேட்டர் மூடியை சாதாரண மூடின்னு நினைக்காதீங்க, அது ஒரு பிரஷர் வால்வு. 0.5 பார் அழுத்தம் தாங்குற மூடி போட்டா, தண்ணி 100 டிகிரில கொதிக்காம 111 டிகிரி வரைக்கும் தாக்குப் பிடிக்கும். மூடியோட ஸ்பிரிங் தளர்ந்து போனா இந்த 11 டிகிரி நமக்குக் கிடைக்காது.

"எப்ப சூடாகுது?"

ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி இதுதான். பாதி பதில் இதுலயே வந்துரும்.

1. நிக்கும்போதும் மெதுவா போகும்போதும் சூடாகுது, வேகமா ஓட்டினா இறங்குதுன்னா, காத்து பத்தலைன்னு அர்த்தம். ஃபேன், ஃபேன் பெல்ட், ஃபேனைச் சுத்தி இருக்கிற ஷ்ரவுட் மூணையும் பாருங்க.

2. சும்மா ஓடும்போது நார்மல், லோடு ஏத்தினாலோ வேகம் எடுத்தாலோ முள்ளு ஏறுதுன்னா, ரேடியேட்டர்ல அடைப்பு இருக்கலாம். கீழ் ஹோஸ் நைஞ்சு போய், பம்ப் இழுக்கிற இழுப்புல சப்பிக்கிட்டாலும் இதே மாதிரி ஆகும்.

3. ஸ்டார்ட் பண்ணி சில நிமிஷத்துலயே கொதிக்குதுன்னா, தண்ணி குறைஞ்சிருக்கலாம், தெர்மோஸ்டாட் மூடினபடியே மாட்டியிருக்கலாம், இல்ல பம்ப் போயிருக்கலாம்.

4. வெளியே சொட்டவே இல்ல, ஆனா தண்ணி குறையுது. வெள்ளைப் புகை வருது. ஆயில் பால் காப்பி நிறத்துல இருக்கு. இதெல்லாம் ஹெட் கேஸ்கெட் போனதுக்கான அறிகுறி.

மீட்டர் முள்ளை முழுசா நம்பாதீங்க. சென்சார் தண்ணில முங்கி இருந்தாதான் சரியா காட்டும். தண்ணி மொத்தமா இறங்கிட்டா, இன்ஜின் வெந்துட்டு இருக்கும்போது கூட முள்ளு கீழேயே இருக்கலாம்.

மாமாவோட ஜீப்

மாமாவுக்கு நிலம் வெம்பக்கோட்டை அணைப் பக்கம். "முதல்ல கரிசக்காட்டுக்குள்ள ஓட்டும்போது மட்டும்தான் சூடாச்சு. காட்டுல அப்படித்தான்னு விட்டுட்டேன். அப்புறம் மக்காச்சோள மூட்டை ஏத்திட்டு சிவகாசி போகும்போதும் ஏற ஆரம்பிச்சது. சும்மா நின்னா ஒண்ணும் இல்ல"ன்னார். அப்ப இது ரெண்டாவது கேஸ்.

ஆனாலும் கேஸ்கெட் மேல இருந்த சந்தேகத்தைத் தீர்க்கணும். மறுநாள் காலைல, இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போது மூடியைத் திறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணோம். கேஸ்கெட் போயிருந்தா, சிலிண்டர்ல இருக்கிற கேஸ் தண்ணிக்குள்ள புகுந்து விடாம குமிழி வரும். எதுவும் வரல. டிப் ஸ்டிக்ல ஆயிலும் சுத்தமா இருந்துச்சு. ரெண்டாவது தடவை போட்ட கேஸ்கெட் இன்னும் தப்பிச்சுதான் இருக்கு!

அப்புறம் மூடியைப் போட்டு, இன்ஜினை நல்லா சூடாக்கிட்டு, ஃப்ரெண்டுகிட்ட கடன் வாங்கின இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால ரேடியேட்டரைக் கட்டம் கட்டமா அளந்தேன். (பளபளப்பான உலோகத்துல இது தப்பா காட்டும். ரேடியேட்டர்ல கறுப்பு பெயின்ட் இருந்ததால பிரச்சினை இல்ல.) ஓரத்துல நல்ல சூடு. நடுவுல பெரிய பகுதி மட்டும் ரொம்பக் குறைவு. சூடு குறைவா இருந்தா நல்லதுதானேன்னு தோணும். ஆனா அந்தக் குழாய்கள்ல சுடுதண்ணி போகவே இல்லன்னுதான் அதுக்கு அர்த்தம்.

இன்ஜின் ஆறினதும் டார்ச் அடிச்சு உள்ள பார்த்தோம். வெள்ளையா படிஞ்சிருந்தது உப்பு. வருஷக்கணக்கா மாமா ஊத்தினது போர் தண்ணி. நம்ம வீட்டுப் பாத்திரத்துல படியுற அதே கால்சியம் உப்புதான். செம்போட ஒப்பிட்டா அது சூட்டைக் கடத்துறது நூறு மடங்குக்கும் குறைவு. வெளிப்பக்கம் ஃபின்களுக்கு நடுவுல கரிசல் தூசியும் பஞ்சும் வேற அடைச்சிருந்தது.

இப்ப கதை தலைகீழா மாறிடுச்சு. கேஸ்கெட் போனதால வண்டி கொதிக்கல. வண்டி கொதிச்சதாலதான் கேஸ்கெட் போச்சு. அளவுக்கு மீறி சூடானா ஹெட் வளையும். வளைஞ்ச இடத்துல கேஸ்கெட்டை அழுத்திப் பிடிக்க ஆள் இல்ல. ரெண்டு தடவையும் விளைவை மட்டும் மாத்திட்டு, காரணத்தை உள்ளேயே விட்டிருக்கோம்.

ரேடியேட்டர் கடைல டேங்கைப் பிரிச்சு, குழாய்களுக்குள்ள ராடு விட்டு அடைப்பை எடுத்துக் கொடுத்தாங்க. புது மூடி, ஹோஸ், டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி. மொத்தச் செலவு ஒரு தடவை கேஸ்கெட் மாத்தினதுல பாதி கூட ஆகல. பனி பெய்யாத ஊருக்குக் கூலன்ட் எதுக்குன்னு மாமா கேட்டார். துரு பிடிக்காம பாத்துக்கும், கொதிநிலையையும் ஏத்தும். அதுக்குத்தான்.

ஃபோர் வீல் டிரைவ்னா கூடுதல் கவனம்

மஹிந்திரா 1947-ல வில்லிஸ் ஜீப்பை இங்க அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சது. நம்ம ஊர்ல இன்னும் ஓடுற பழைய ஜீப் பெரும்பாலும் அந்தப் பரம்பரைதான். அதுல ஃபோர் வீல் டிரைவ் பார்ட் டைம் மட்டும்தான், சென்டர் டிஃபரன்ஷியல் கிடையாது. சேத்துல சக்கரம் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும், பிரச்சினை இல்ல. தார் ரோட்டுல அதே கியரைப் போட்டு வளைஞ்சா முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒண்ணை ஒண்ணு எதிர்த்து முறுக்கும். இன்ஜினுக்கு வீண் சுமை. காட்டை விட்டு ஏறினதும் டூ வீலுக்கு மாத்துங்க.

லோ ரேஞ்ச்ல இன்ஜின் வேகமா சுத்தும், வண்டி ஊர்ந்து போகும். எதிர்க்காத்து கிடையாது, எல்லாமே ஃபேன் கையிலதான். அதனால கூலிங் சிஸ்டத்துல இருக்கிற பலவீனம் முதல்ல காட்டுலதான் தெரியும். அதை மாமா மாதிரி "அப்படித்தான்"னு விட்டுடாதீங்க.

வழியில கொதிச்சா

• ஓரமா நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே"ன்னு ஓட்டுறதுலதான் ஹெட் வளையுது.
• மூடியைத் தொடாதீங்க. அழுத்தம் விட்ட நொடில தண்ணி கொதிச்சு முகத்துல அடிக்கும். குறைஞ்சது ஒரு மணி நேரமாவது ஆறட்டும்.
• சூடான இன்ஜின் மேல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க. திடீர்னு சுருங்கி விரிசல் விடலாம்.
• தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறியறது வைத்தியம் இல்ல. அடைப்பு அப்படியேதான் இருக்கும், லோடு இல்லாதப்ப இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராது.

ஜீப் இப்ப பழைய இரும்புக் கடைக்குப் போகல. அதே மே வெயில்ல மூட்டையோட சிவகாசி போய் வந்தோம், முள்ளு நடுவுலயே நின்னுச்சு. உங்க வீட்டுலயும் பழைய வண்டி இருந்தா, நாளைக்குக் காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணி என்ன நிறத்துல இருக்குன்னு பாருங்க. துருவோ வெள்ளைப் படிவோ தெரிஞ்சா, அடுத்த மே வரைக்கும் காத்திருக்காதீங்க.