பச்சிளங்குழந்தையின் மூளையைக் காக்க ஹார்மோன் ஊசி உதவுமா?

பிறக்கும்போது மூளைக்குப் போதிய பிராணவாயு கிடைக்காத குழந்தைகளின் பெற்றோர் சிலர், “எரித்ரோபொய்ட்டின் என்னும் ஹார்மோன் ஊசி மூளையைக் காக்குமாமே! எங்கள் குழந்தைக்கு ஏன் போடவில்லை?” என்று எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி அது.

நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல், தொப்புள்கொடி அழுந்துதல் போன்றவற்றால் குழந்தையின் மூளைக்குச் செல்லும் இரத்தமும் பிராணவாயுவும் குறையலாம். மூளைச் செல்களுள் சில அப்போதே அழிகின்றன. வேறு சில, பல மணி நேரம் கழிந்த பின்னரே அழியத் தொடங்குகின்றன. இந்த இடைவெளியே சிகிச்சைக்கான வாய்ப்பு.

குளிர்விப்புச் சிகிச்சை

பிறந்த 6 மணி நேரத்துக்குள் குழந்தையின் உடல் வெப்பநிலையை ஏறத்தாழ 33.5 டிகிரி செல்சியசுக்குக் குறைத்து, 72 மணி நேரம் அவ்வாறே வைத்திருப்பது இம்முறை. செல்வந்த நாடுகளின் ஆய்வுகளில் இது இறப்பையும் ஊனத்தையும் குறைத்தது. இந்தியா, இலங்கை, வங்காளதேசத்தில் நடைபெற்று 2021இல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்விலோ குளிர்விக்கப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு கூடியிருந்தது. ஆகவே ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவர்கள் இதனை முடிவு செய்கின்றனர்.

ஹார்மோன் ஊசி

எரித்ரோபொய்ட்டின் நம் சிறுநீரகத்தில் சுரப்பது; எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்கள் உருவாகத் தூண்டுவது. சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு இது நெடுங்காலமாகப் பயன்படுகிறது. விலங்கு ஆய்வுகளில் மூளைச் செல்களையும் காத்ததால் பெரும் நம்பிக்கை பிறந்தது.

அந்த நம்பிக்கையை அமெரிக்காவில் நடந்த ஹீல் ஆய்வு சோதித்தது. குளிர்விக்கப்பட்ட 500 குழந்தைகளுள் ஒரு பிரிவினருக்கு முதல் வாரத்தில் 5 முறை இந்த ஹார்மோனும், மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் செலுத்தப்பட்டன. இரண்டு முதல் மூன்று வயதுக்குள் இறந்தோ வளர்ச்சிக் குறைபாடு அடைந்தோ இருந்தவர்கள், ஹார்மோன் பெற்றோரில் 52.5 விழுக்காடு, பெறாதோரில் 49.5 விழுக்காடு. கூடுதல் நன்மை இல்லை. கடுமையான பாதக நிகழ்வுகளோ ஹார்மோன் பெற்றோரிடம் சராசரியில் சற்று மிகுந்திருந்தன. இம்முடிவு 2022இல் வெளியானது.

எனவே, குளிர்விப்புடன் சேர்த்து இந்த ஊசியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. செலவு கருதியோ கவனக்குறைவாலோ அது விடுபடவில்லை என்பதைப் பெற்றோர் உணர வேண்டுகிறோம்.

வீடு திரும்பிய பின்

குறித்த நாள்களில் தொடர் பரிசோதனைக்குத் தவறாமல் வாருங்கள். செவித்திறன், பார்வை, தசை இறுக்கம், தலைச் சுற்றளவு ஆகியவற்றை நாங்கள் கவனிப்போம். குறை தென்பட்டால் பயிற்சி சிகிச்சையை உடனே தொடங்கலாம். குழந்தைக்கு வலிப்பு வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு கிடந்தாலோ காத்திராமல் மருத்துவமனைக்கு எடுத்து வாருங்கள்.