மின்னிலக்கப் பணியுலகில் பார்வையற்றோர்: மலேசியச் சூழலும் தமிழ் எழுத்தும்

முன்னுரை

தமிழ் இலக்கிய வரலாற்றில் இரட்டைப்புலவர் எனப் போற்றப்படும் இருவரை நாம் அறிவோம். ஒருவர் கண்பார்வை இல்லாதவர். மற்றவர் கால்களால் நடக்க இயலாதவர். பார்வையற்றவர் தம் தோளில் சுமக்க, நடக்க இயலாதவர் வழிகாட்ட, இருவரும் ஊர்தோறும் சென்று பாடினர் என்றும், ஒருவர் வெண்பாவின் முற்பகுதியைப் பாட மற்றவர் பிற்பகுதியைப் பாடி முடிப்பார் என்றும் வழிவழியாகக் கூறுவர். ஏகாம்பரநாதர் உலா, தில்லைக் கலம்பகம் முதலிய நூல்கள் அவர்கள் இயற்றியன. இச்செய்தியில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. இருவருடைய உடற்குறையும் இறுதிவரை நீங்கவில்லை. பணியைப் பகிர்ந்துகொண்ட முறையினால் அக்குறை பணிக்குத் தடையாகாமல் போயிற்று.

கணினியும் இணையமும் பரவியபின் உடற்பேறு குறைந்தோரின் வேலைவாய்ப்புத் தடைகள் தாமாகவே அகன்றுவிடும் என்னும் நம்பிக்கை இன்று பலரிடமும் காணப்படுகிறது. இந்நம்பிக்கை எந்த அளவுக்கு உண்மை என்பதைப் பார்வையற்றோரை மையமாகக் கொண்டு, மலேசியச் சூழலில் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. தமிழை எழுதியும் அச்சிட்டும் பரப்பியும் வருகின்ற நமக்கு இதில் நேரடியான பொறுப்பு உண்டு என்பதே இதன் மையக் கருத்தாகும்.

சொல்லும் பொருளும்

முன்பு ‘ஊனமுற்றோர்’ என்னும் சொல் பெருவழக்காக இருந்தது. பின்னர் மலேசியத் தமிழ் ஏடுகள் ‘உடற்பேறு குறைந்தோர்’ என எழுதலாயின. தமிழ்நாட்டில் ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல் அரசு வழக்காக நிலைபெற்று, இங்கும் பரவியுள்ளது. சொற்கள் மாறியதைவிடக் கருத்து மாறியதே முதன்மையானது. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு உடற்பேறு குறைந்தோர் சட்டம், அதாவது 685ஆம் சட்டம், உடல், மனம், அறிவு அல்லது புலன் சார்ந்த நீண்டகாலக் குறைபாடு உடையவர்கள் பல்வேறு தடைகளை எதிர்கொள்ளும்பொழுது சமுதாயத்தில் முழுமையாகப் பங்கேற்க இயலாமல் போகலாம் என்னும் கருத்தின் அடிப்படையில் அவர்களை வரையறை செய்கிறது. குறைபாடு என்பது ஒரு கூறு. தடை என்பது மறுகூறு. முதற்கூறு மருத்துவத்தின் பாற்பட்டது. இரண்டாம் கூறு பணியிடத்தையும் கருவியையும் வடிவமைப்பவர்களின் பாற்பட்டது.

சட்டமும் கொள்கையும்

மலேசிய அரசு 1988ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை ஒன்றின் வழி, பொதுச்சேவைப் பணிகளில் ஒரு விழுக்காட்டை உடற்பேறு குறைந்தோருக்கு ஒதுக்க வகை செய்தது. 2008ஆம் ஆண்டில் அச்சுற்றறிக்கை புதுப்பிக்கப்பட்டது. அவர்களைப் பணியில் அமர்த்தும் முதலாளிகளுக்கு அவ்வூதியத்தின் பேரில் இரட்டை வரிக்கழிவு வழங்கும் ஆணை 1982ஆம் ஆண்டிலிருந்து உள்ளது. 685ஆம் சட்டத்தின் 29ஆம் பிரிவு வேலை பெறும் உரிமையையும், 30ஆம் பிரிவு தகவல், தொடர்புத் தொழில்நுட்பம் ஆகியவற்றை அடையும் உரிமையையும் கூறுகின்றன. இவ்விரு பிரிவுகளும் அடுத்தடுத்து அமைந்திருப்பது பொருத்தமே. இன்றைய பணியுலகில் இரண்டாவது இல்லாமல் முதலாவது கைகூடாது.

எனினும், அச்சட்டம் இயற்றப்பட்டபொழுது அதனை மீறுவோர்க்குத் தண்டனை விதிக்கும் பிரிவு எதுவும் அதில் இடம்பெறவில்லை. அரசின்மீது வழக்குத் தொடர்வதையும் அதன் 41ஆம் பிரிவு கட்டுப்படுத்தியது. உடற்பேறு குறைந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை மலேசியா 2010ஆம் ஆண்டில் ஏற்புறுதி செய்தது. அண்டை நாடான சிங்கப்பூர் 2013ஆம் ஆண்டில் அதனை ஏற்றது. வேலை செய்யும் வயதிலுள்ள உடற்பேறு குறைந்தோருள் 40 விழுக்காட்டினர் 2030ஆம் ஆண்டுக்குள் பணியில் இருக்க வேண்டும் என்பதை இலக்காகக் கொண்ட சிங்கப்பூர், 2025 சனவரியில் நிறைவேற்றிய பணியிட நியாயச் சட்டத்தில் உடற்குறை காரணமான பாகுபாட்டையும் சேர்த்துக்கொண்டது. சட்டம் வாயிலைத் திறக்கலாம். வாயிலுக்கு அப்பால் உள்ள மேசையில் என்ன இருக்கிறது என்பதை இனிக் காண்போம்.

தொலைபேசி இணைப்பகம் முதல் கணினித்திரை வரை

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியைத் தமிழர் வாழ்விடமாகவும் வணிக மையமாகவும் நாம் அறிவோம். அதே பகுதி பார்வையற்றோரின் வாழ்விடமும் ஆகும். 1951ஆம் ஆண்டில் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் அதன் கர்னி பயிற்சி மையமும் அங்கு அமைந்துள்ளன. வெள்ளைக்கோல் ஏந்தியோர் நடமாடும் அத்தெருக்களில், பார்வையற்றோர் நடத்தும் உடற்பிடி நிலையங்களைக் காணாதார் இலர்.

ஒரு தலைமுறைக்கு முன்னர், படித்த பார்வையற்ற ஒருவர் நாடத்தக்க மதிப்புமிக்க பணி தொலைபேசி இணைப்பாளர் பணியாகவே இருந்தது. செவிக்கூர்மையும் நினைவாற்றலும் நயமான பேச்சும் அதற்குப் போதுமானவை. அழைப்பவரே விசைகளை அழுத்தி உரியவரை அடையும் தானியங்கி இணைப்பகங்கள் வந்தபின் அப்பணிகள் அருகின. மின்னிலக்க மாற்றம் பார்வையற்றோரிடமிருந்து முதலில் ஒரு வேலையைப் பறித்தது என்பதை மறத்தலாகாது. பறித்ததற்கு ஈடாக அது தந்தது ஒரு கருவியை. அதுவே திரைவாசிப்பான் ஆகும்.

திரைவாசிப்பான் இயங்கும் முறை

திரையில் உள்ள எழுத்துகளைச் செயற்கைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருளே திரைவாசிப்பான். விண்டோஸ் இயங்குதளத்திற்கான ஜாஸ் மென்பொருள் 1995ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் விலை தனியொருவர் எளிதில் வாங்கக்கூடியதாக இல்லை. 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானை உருவாக்கத் தொடங்கினார். பார்வையற்றவரான ஜேம்ஸ் டே அவருடன் இணைந்தார். எவரும் விலையின்றிப் பெறத்தக்க அதனைக் கொண்டு தமிழையும் கேட்க முடியும்.

இக்கருவி திரையைக் ‘காண்பதில்லை’. எழுத்துகளுக்குப் பின்னால் கணினி சேமித்து வைத்திருக்கும் குறியெண்களை எடுத்து ஒலியாக மாற்றுகிறது. விசைப்பலகையைப் போன்ற பிரெயில் காட்டி ஒன்றை இணைத்தால், அதே குறியெண்களை விரல் உணரும் புள்ளிகளாக எழுப்புகிறது. பார்வையற்றவர் மெய்ப்புத் திருத்த இயலுமா என ஐயுறுவோர் இதனைக் கருத வேண்டும். லகர, ளகர, ழகரங்களைச் செயற்கைக் குரல் தெளிவுறப் பிரித்தொலிக்காமல் போகலாம். பிரெயிலில் அம்மூன்றும் வெவ்வேறு புள்ளி வடிவங்கள். விரல் அவற்றை மயங்குவதில்லை.

ஆக, குறியெண் சரியாக இருந்தால் பார்வையற்றவரின் பணி தடையின்றி நடைபெறும். குறியெண் பிழையாக இருந்தால், திரையில் எழுத்து எவ்வளவு அழகாகத் தோன்றினாலும் அவருக்குப் பயனில்லை.

தமிழ் எழுத்துருச் சிக்கல்

தமிழின் நிலையை இங்குச் சிறப்பாக நோக்க வேண்டியுள்ளது. கணினியில் தமிழ் நுழைந்த காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துரு முறையை வகுத்துக்கொண்டது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைப்பது அன்றைய உத்தி. 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் கூடிய மாநாடும், 1999ஆம் ஆண்டில் சென்னையில் நிகழ்ந்த மாநாடும் பொதுத் தரத்தை நாடியவை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும் இம்முயற்சிகளுக்கு வலுச் சேர்த்தது. 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்திருந்த யூனிகோடு, காலப்போக்கில் பொதுத் தரமாக நிலைபெற்றது. தமிழ்நாட்டு அரசு 2010ஆம் ஆண்டில் அதனை ஏற்றது.

ஆயினும் அச்சுத்துறை முழுமையாக மாறவில்லை. பக்க வடிவமைப்புக்கு நெடுங்காலம் பயன்பட்ட பேஜ்மேக்கர் மென்பொருள் யூனிகோடு தமிழை ஏற்காததே இதற்குத் தலையாய காரணம். அதற்காகத் தொகுக்கப்பட்ட கோப்புகளும் பழகிய கைகளும் பழைய எழுத்துருக்களிலேயே நின்றுவிட்டன. எடுத்துக்காட்டாக, பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ எனத் தட்டெழுதினால் திரையில் அம்மா எனவே தோன்றும். கணினியில் சேமிக்கப்படுவதோ ஐந்து ஆங்கிலக் குறிகள். திரைவாசிப்பானை எழுத்தெழுத்தாகப் படிக்கச் செய்தால் அது ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என ஒலிக்கும். ஒரு சொல்லுக்கே இந்நிலை எனில், இருநூறு பக்க நூலின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

இதனை நாம் நேரில் உணர்ந்த நிகழ்வு ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் நம்மிடம் பயின்ற பார்வையற்ற பட்டதாரி ஒருவர், பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துநர் பணிக்கு விண்ணப்பித்தார். தமிழ் இலக்கணத்தில் அவருக்கு இருந்த புலமை வகுப்பில் எவருக்கும் குறைந்ததன்று. தேர்வுக்கான பத்துப் பக்கங்கள் பழைய எழுத்துருவில் அவருக்கு வந்தன. கோப்பைத் திறந்தவர் கேட்டது பொருளற்ற ஆங்கில எழுத்துகளை. யூனிகோட்டில் மாற்றித் தருமாறு அவர் வேண்டினார். மாற்றிய கோப்பு வந்து சேர்வதற்குள் வேறொருவர் அப்பணியில் அமர்ந்துவிட்டார். பதிப்பகத்தாரிடம் கெடுநோக்கம் எதுவும் இருந்ததாக அவரும் கருதவில்லை, நாமும் கருதவில்லை.

அவரிடம் வருத்தம் தெரிவித்தபொழுது அவர் கூறியது நம்மை நாணச் செய்தது. மூன்றாண்டுப் படிப்பில் நாம் அளித்த பாடக்குறிப்புகளுள் பெரும்பாலானவை நூற்பக்கங்களை வருடிய படங்களாகவே இருந்தன. படத்தில் குறியெண்ணே இல்லையாதலின் திரைவாசிப்பான் அங்கு வாய்மூடி நின்றுவிடும். அவர் தங்கை அவற்றை இரவுதோறும் படித்துக் காட்டினாராம். பதிப்பகம் ஒரு நாள் செய்ததை நாம் மூன்றாண்டுகள் செய்திருக்கிறோம்.

விண்ணப்பம் முதல் கூட்டம் வரை

எழுத்துருவுக்கு அப்பாலும் தடைகள் உள்ளன. இன்று பெரும்பாலான பணிகளுக்கு இணையவழியே விண்ணப்பிக்க வேண்டியுள்ளது. விண்ணப்பிப்பவர் மனிதரே என்பதை உறுதிசெய்யக் கோணல் எழுத்துகளைக் கொண்ட படத்தைக் காட்டி, அதனைத் தட்டெழுதுமாறு சில தளங்கள் கேட்கின்றன. ஒலி மாற்று இல்லாத இடத்தில் பார்வையற்றவர் அங்கேயே நின்றுவிடுகிறார். பொத்தானுக்குப் பெயரிடாமல் படத்தை மட்டும் வைத்திருந்தால் திரைவாசிப்பான் ‘பொத்தான்’ என்று மட்டுமே கூறும். அனுப்புவதா, அழிப்பதா என்பது விளங்காது.

2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின் வீட்டிலிருந்து பணிபுரிதல் பெருகியது. நாள்தோறும் பேருந்தும் இரயிலும் ஏறி இறங்கும் இடர் குறைந்தது பார்வையற்றோர்க்கு நன்மையே. ஆனால், இணையக் கூட்டத்தில் ஒருவர் தம் திரையைப் பகிரும்பொழுது மற்றவர்களுக்குச் செல்வது எழுத்தன்று, காட்சிப்படம். அதனைத் திரைவாசிப்பான் படிக்க இயலாது. அக்கோப்பை முன்னரே அனுப்பிவைத்தால் இத்தடை இல்லை. ஒரே மாற்றம் ஒரு வாயிலைத் திறந்து மற்றொன்றை அடைக்கும் தன்மையை இங்குக் காண்கிறோம்.

செய்யத்தக்கன

இத்தடைகளை நீக்கப் பெரும்பொருள் தேவையில்லை. முதலாவதாக, பாடக்குறிப்பு, தேர்வுத்தாள், ஆய்வேடு, ஆய்விதழ் அனைத்தும் யூனிகோட்டில் அமைதல் வேண்டும். பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பார்ப்பது கட்டாயம். இரண்டாவதாக, பிடிஎஃப் கோப்பாக மாற்றும்பொழுது தமிழ் உயிர்மெய்க் குறிகள் இடம்மாறிப் பதிவாவதுண்டு. ஆதலின் மூலக் கோப்பையும் உடன் அளித்தல் நன்று. மூன்றாவதாக, வருடிய பக்கங்களை எழுத்துணரி மென்பொருள் கொண்டு எழுத்தாக்குதல் வேண்டும். பார்வையற்றோர் படிக்கத்தக்க படிகளை உருவாக்கக் காப்புரிமை தடையாகாதிருக்க வகைசெய்யும் மராக்கேசு உடன்படிக்கையில் சிங்கப்பூர் 2015ஆம் ஆண்டிலும் மலேசியா 2022ஆம் ஆண்டிலும் இணைந்துள்ளன என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. நான்காவதாக, தலைப்புகளைத் தடித்த எழுத்தால் மட்டும் காட்டாமல், சொற்செயலியின் தலைப்புப் பாணியால் குறித்தல் வேண்டும். அப்பொழுதே திரைவாசிப்பான் வழி ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவ இயலும். ஐந்தாவதாக, முதலாளிகள் தம் விண்ணப்பத் தளத்தையும் தேர்வுக் கோப்பையும் பார்வையற்ற ஒருவரைக் கொண்டு முன்கூட்டியே சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

நிறைவுரை

ஒரு விழுக்காட்டு ஒதுக்கீடும் வரிச்சலுகையும் தேவையானவை. ஆனால், பணியிடத்தில் அமர்ந்த ஒருவருக்கு முன்னால் திறக்கப்படும் கோப்பு பேசாவிட்டால் அவை பயன் தரா. அக்கோப்பைப் பேசச் செய்வது சட்டமன்றத்தின் வேலையன்று. தமிழில் எழுதுவோர், தட்டெழுதுவோர், பதிப்பிப்போர், கற்பிப்போர் ஆகியோரின் வேலை அது.

மேற்கூறிய பட்டதாரி இப்பொழுது மொழிபெயர்ப்புப் பணியில் உள்ளார். இக்கட்டுரையை யூனிகோட்டில் அவருக்கு முதலில் அனுப்பினோம். தம்மைப் பற்றி எழுதியதற்கு இசைவளித்த அவர், ஒற்றுப்பிழைகள் இரண்டையும் ளகர, ழகர மயக்கம் ஒன்றையும் சுட்டி மறுநாளே திருப்பி அனுப்பினார். அவற்றைத் திருத்தியபின்னரே இது அச்சுக்குச் சென்றது.