களைவெட்டும் டீசல் புல்லட்

முப்பத்தி நாலு வருசம் வங்கியில் வேலை பார்த்தேன். அதில் பாதி, விவசாயக் கடன் மேசை. எத்தனை டிராக்டர் கடனுக்குக் கையெழுத்துப் போட்டேன் என்று கணக்கில்லை. அதில் பல மூன்று ஏக்கர், நாலு ஏக்கர் மானாவாரிக்காரருக்கு. சொந்தக் காட்டில் வருசத்தில் பத்துப் பன்னிரண்டு நாள்தான் டிராக்டருக்கு வேலை. மீதி நாளில் வாடகைக்கு ஓட்டித் தவணை கட்டணும். மழை பொய்த்த வருசம் வாடகையும் கிடையாது. தவணை தவறி, ஜப்தி செய்த வண்டிகள் கிளைக்குப் பின்னால் வேலிமுள் மூடி நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்று அச்சங்குளத்தில் ஏழு ஏக்கர் கரிசலில் இறங்கும்போது ஒன்று மட்டும் முடிவு செய்தேன்: கடனுக்கு டிராக்டர் வாங்குவதில்லை.

முடிவு சரிதான். ஆனால் களை என்னை விடவில்லை.

இயற்கை விவசாயத்துக்கு வருகிறவர்கள் உரத்துக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா, ஆட்டுக்கிடை என்று அதற்கு வழி இருக்கிறது. நம்மைத் தோற்கடிப்பது களை. விதைத்து பதினைந்து, இருபது நாளில் முதல் களை, முப்பத்தைந்து நாளில் இரண்டாம் களை எடுத்தே ஆகணும். கரிசலில் ஐப்பசி மழை விட்டு, பதம் வந்து, மண் மறுபடி இறுகுவதற்குள் நாலைந்து நாள்தான் கிடைக்கும். அந்த நாலு நாளில் ஆள் வேண்டும். எங்கள் பக்கம் ஆட்கள் பட்டாசுக்குப் போகிறார்கள். குறை சொல்ல முடியாது. 2021 பிப்ரவரி 12 அன்று எங்கள் ஊர்ப் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் போகிறார்கள். களை எடுக்க வரும் ஒரு அம்மாவிடம் கேட்டேன். "அண்ணாச்சி, உங்க காட்டுல வருசத்துக்கு இருபது நாள் வேலை. மிச்ச நாளைக்கு யாரு சோறு போடுவா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆள் இல்லை, உழவு மாடும் ஊரில் இரண்டு ஜோடிதான். முதல் வருசம் உளுந்தைக் களை மூடிவிட்டது. பக்கத்துக் காட்டுக்காரர் களைக்கொல்லி டப்பாவை நீட்டினார். வாங்கி அடித்துவிடுவோமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். அந்தச் சமயத்தில்தான் குஜராத் அம்ரேலி மாவட்ட விவசாயி மன்சுக்பாய் ஜகானி நினைவுக்கு வந்தார்.

அம்ரேலியும் நம்மைப் போலக் கரிசலும் பருத்தியும் வறட்சியும் உள்ள பூமி. வறட்சியில் மாட்டுக்குத் தீவனம் இல்லை, கூலிக்கு ஆளும் இல்லை. அதிகம் படிக்காத, மெக்கானிக் வேலை தெரிந்த ஜகானி, 1994-ல் ஒரு புல்லட்டின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு சக்கரம் உள்ள ஓர் அச்சைப் பூட்டினார். அதன் பின்னால் கருவிச்சட்டம். அதில் கொழுவோ, களைக்கத்தியோ, விதைப்பானோ மாட்டிக்கொள்ளலாம். வண்டிக்குச் சக்தி டீசல் எஞ்சின். ஒரு ஏக்கரை அரை மணிக்குள், இரண்டு லிட்டர் டீசலில் ஓட்டலாம் என்று சொல்லப்படுகிறது. 'புல்லட் சாந்தி' என்று பெயர். சாந்தி என்றால் நம்ம ஊர் அமைதி இல்லை. மாடு பூட்டி ஓட்டும் கருவிக்கு அங்கே வழங்கும் பெயர். பேராசிரியர் அனில் குப்தாவின் 'ஹனி பீ' அமைப்பு இவரை வெளியே கொண்டுவந்தது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் காப்புரிமை கிடைத்தது. மதுரை சேவா அமைப்பு கொண்டுவந்த 'நம்வழி வேளாண்மை' இதழ் அந்த ஹனி பீயின் தமிழ் வடிவம் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

ஏன் புல்லட்? பழைய புல்லட்டில் எஞ்சின் தனி, கியர் பெட்டி தனி. மற்ற பைக்குகளில் இரண்டும் ஒரே வார்ப்பு. அதனால் புல்லட்டில் எஞ்சினை மட்டும் இறக்கிவிட்டு வேறு எஞ்சின் ஏற்றலாம். ராயல் என்ஃபீல்டு நிறுவனமே 'டாரஸ்' என்ற பெயரில் 325 சிசி டீசல் புல்லட் விற்றது. அதன் சக்தி ஆறரை குதிரைத்திறன்.

ஏன் டீசல்? பெட்ரோல் எஞ்சின் காற்றை எட்டு, பத்து மடங்கு அழுத்தும். டீசல் பதினாறு முதல் இருபது மடங்கு. அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும், ஸ்பார்க் பிளக் வேண்டாம். மெதுவாகச் சுற்றும்போதே இழுவை கிடைக்கும். இன்னொன்றும் உண்டு. பைக் எஞ்சின் ஓட்டக் காற்றில் குளிர்வது. நடை வேகத்தில் உழுதால் காற்று கிடைக்காமல் சூடேறி அடைத்துவிடும். பம்புசெட்டுக்கும் ஆட்டோவுக்கும் வரும் சிறு டீசல் எஞ்சினில் விசிறியோ தண்ணீரோ குளிர்விக்கும்.

நான் எஞ்சின் இல்லாத பழைய புல்லட் சட்டம் ஒன்றும், விசிறி வைத்த ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றும் பழைய விலைக்கு வாங்கினேன். சாத்தூரில் ஒரு பட்டறைத் தம்பி, "சார், வங்கியில ஏசி ரூம்ல இருந்துட்டு இது உங்களுக்குத் தேவையா?" என்று சிரித்தார். அப்புறம் அவரே ராத்திரி பகலாக நின்று முடித்துக் கொடுத்தார்.

முதல் ஓட்டத்தில் மூன்று தப்பு செய்தோம். நீங்கள் செய்யாமல் இருக்கச் சொல்கிறேன்.

ஒன்று, எஞ்சினை நேரடியாகச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கினோம். ஒற்றை சிலிண்டர் டீசல் குலுக்குகிற குலுக்கில் இரண்டாம் நாளே வெல்டிங் விட்டுப்போச்சு. கனமான தகடு வைத்து, ரப்பர் புஷ் கொடுத்து உட்கார வைக்கணும்.

இரண்டு, பழைய பல்சக்கரத்தையே விட்டுவிட்டோம். முதல் கியரிலேயே வண்டி ஓடியது, கத்தி உளுந்தையும் சேர்த்து வெட்டியது. பின் அச்சில் பற்கள் அதிகமுள்ள பெரிய பல்சக்கரம் போட்டு, மாடு நடக்கும் வேகத்துக்குக் கொண்டுவந்தோம்.

மூன்று, டீசல் டேங்கைத் தாழ்வாக வைத்தோம். லைனில் காற்று புகுந்து அடிக்கடி நின்றது. டேங்க் பம்புக்கு மேலே இருக்கணும். இன்ஜெக்டரில் மிஞ்சும் எண்ணெய் டேங்குக்குத் திரும்பி வர தனிக் குழாயும் வேண்டும்.

வண்டியைவிடப் பெரிய மாற்றம் காட்டில்தான் செய்ய வேண்டியிருந்தது. கை விதைப்பில் இந்த வண்டிக்கு வேலையே இல்லை. சக்கரம் போக இடம் வேண்டும். பருத்தியையும் குதிரைவாலியையும் வண்டியின் அகலத்துக்கு வரிசை பிடித்து விதைத்தேன். ரிவர்ஸ் கியர் கிடையாது, அதனால் வரப்போரம் திரும்பப் பத்தடி விட்டேன். செடியின் தூரில் இருக்கும் களைக்குக் கத்தி போகாது, அதற்கு ஆள்தான். முன்பு பத்துப் பேர் தேட வேண்டிய இடத்தில் இப்போது மூன்று பேர் போதும். அந்த அம்மா இன்னும் வருகிறார். ஆள் குறைந்ததால் அவருக்குக் கூலி கூட்டிக் கொடுக்க முடிகிறது. அவர் கேட்ட கேள்விக்கு இது முழுப் பதில் இல்லை என்பதும் தெரியும்.

ஈரம் அதிகம் இருக்கும்போது வண்டியை இறக்காதீர்கள். கரிசல் சக்கரத்தில் உருண்டையாக அப்பிக்கொள்ளும், மண்ணும் இறுகும். பதம் பார்த்து இறங்கினால் டிராக்டர் அளவுக்கு மண்ணை அமுக்காது.

சட்டத்தையும் சொல்லணும். பதிவுச் சான்றிதழில் உள்ளபடி இல்லாமல் வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. வடக்கே 'ஜுகாட்' என்று ஓடும் இந்த மாதிரி வண்டிகளும் மோட்டார் வாகனமே என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவும் காப்பீடும் இல்லாமல் சாலையில் ஏற்றினால், விபத்து நடந்தால் நம் நிலத்தை விற்றுத்தான் ஈடு கட்டணும். என் வண்டி காட்டைவிட்டு வெளியே வராது. பட்டாசு ஆலைப் பக்கமும் போகாது. பிளக் இல்லை என்பதால் தீப்பொறி இல்லை என்று நினைக்காதீர்கள். டீசல் சைலன்சரில் கரித்துகள் கனன்று வரும். பொறி தடுப்பான் மாட்டித்தான் ஓட்டுகிறேன்.

"இயற்கை விவசாயிக்கு டீசல் எதற்கு?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மாடு வைத்துப் பராமரிக்கத் தெம்பு உள்ளவர்கள் மாட்டையே வையுங்கள், சாணமும் கிடைக்கும். எனக்கு அறுபத்தைந்து வயது. கைக்கு எட்டியது களைக்கொல்லி டப்பாவும் இந்த எஞ்சினும்தான். எஞ்சினை எடுத்தேன்.

இந்த ஐப்பசியில் மழை விட்ட நாலாம் நாள் அச்சங்குளத்துக்கு வாங்க. வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, உங்க காட்டுக்கு ஒத்துவருமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.