மீசை வைத்த தாய்

மூன்று வயதுக் குழந்தை மத்தியானம் பள்ளியிலிருந்து வீடு திரும்பியதும் பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி, “இன்றைக்கு என்ன எழுதினாய், கண்ணே?” என்பதுதான். “விளையாடினேன்” என்று குழந்தை பதில் சொல்லிவிட்டால் வீட்டில் எல்லாருடைய முகமும் சுருங்கிவிடுகிறது. விளையாடுவதற்கா இவ்வளவு சம்பளம் கட்டுகிறோம் என்று தகப்பனார் முணுமுணுக்கிறார். மறுநாளே பள்ளிக்குச் சென்று நோட்டுப் புத்தகம் எங்கே என்று விசாரிக்கிறார். உபாத்தியாயினியும் வேறு வழியின்றி, நோட்டுப் புத்தகத்தைக் காட்டுவதற்காகவே குழந்தையின் கையைப் பிடித்து ‘அ’ எழுதச் செய்கிறாள். இருவர் மீதும் குற்றம் சொல்லிப் பயனில்லை. குழந்தை சொன்ன பதிலைத்தான் நாம் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

நமது தேசத்தில் அவ்விதம் ஆராய்ந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் சௌராஷ்டிரத்தைச் சேர்ந்த ஒரு வக்கீல். கிஜுபாய் பதேகா என்பது அவர் பெயர், 1885-ல் பிறந்தவர். 1913-ல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அந்தக் குழந்தையை எப்படி வளர்ப்பது என்ற யோசனையில் புத்தகங்களைப் புரட்டியவர், மாண்டிஸோரி அம்மையாரின் முறையைப் பற்றிப் படித்தார். அதன் பிறகு கோர்ட்டுக் கச்சேரி அவருக்கு ருசிக்கவில்லை. 1916-ல் பாவநகரிலிருந்த தக்ஷிணாமூர்த்தி ஸ்தாபனத்தில் சேர்ந்தார். 1920-ல் அங்கே சிறு குழந்தைகளுக்கென்று ‘பால மந்திர்’ ஒன்றை ஆரம்பித்தார். குழந்தைகளுடன் அவர் பழகிய விதத்தைக் கண்டு குஜராத்தி மக்கள் அவருக்குச் சூட்டிய பெயர் ‘மீசை வைத்த தாய்’ என்பது. அந்நிய சர்க்கார் வழங்கிய ராவ் பகதூர் பட்டங்களெல்லாம் மறைந்து போயின. இந்தப் பட்டம் மட்டும் இன்றும் வழங்கி வருகிறது.

கிஜுபாயின் மனத்தை மாற்றிய மாண்டிஸோரி அம்மையார் ஒரு வைத்தியர். 1907-ஆம் வருஷம் ரோமாபுரியில், சான் லொரென்ஸோ என்னும் ஏழைகள் குடியிருப்பில், தமது முதல் ‘குழந்தைகள் வீட்டை’த் திறந்தார். அங்கே குழந்தைகளுக்குக் கொடுத்த சாமான்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு நீண்ட மரக்கட்டை. அதில் பத்துக் குழிகள். ஒவ்வொரு குழிக்கும் பொருந்தும்படி ஒரு மர உருளை. உருளையின் தலையில் சிறு குமிழ் இருக்கும். அந்தக் குமிழைப் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் சேர்ந்துதான் பிடித்துத் தூக்க முடியும். உருளையைத் தவறான குழியில் போட்டால் கடைசியில் ஒன்று மிஞ்சும், ‘தப்பு!’ என்று யாரும் அதட்ட வேண்டியதில்லை. கட்டையே சொல்லிவிடுகிறது. குழந்தை எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடியும் ஆரம்பிக்கிறது. பார்ப்பவர்களுக்கு அது விளையாட்டு. ஆனால் நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப் போவதும் அதே மூன்று விரல்கள் அல்லவா?

இதற்குச் சரீர சாஸ்திரமும் சாட்சி சொல்கிறது. நமது மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் உண்டு. மூன்று வயதில் அவற்றில் பல இன்னும் எலும்பாக முற்றாமல் குருத்தாகவே இருக்கின்றன. அந்தக் கைக்கு மணலை அள்ளத் தெரியும், மாவைப் பிசையத் தெரியும், குவளையிலிருந்து குவளைக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியும். இரண்டு கோட்டுக்கு நடுவே எழுத்தை அடக்கி எழுதுவது வேறு காரியம். நமது பெரியோர்கள் இதை அறியாதவர்களா? விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து நெல்லிலும் அரிசியிலும் அல்லவா எழுதச் சொன்னார்கள்! அந்த நெல்லை மட்டும் ஒரு நாள் சடங்காக வைத்துக்கொண்டு, மறுநாளே பென்சிலைத் திணிப்பது நாம் செய்த சீர்திருத்தம்.

கை விஷயம் இருக்கட்டும். மனத்தின் விஷயம் இன்னும் சுவாரசியமானது. நாலு குழந்தைகள் ஒரு மூலையில் கடை வைத்து விளையாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணல்தான் சர்க்கரை, புளியங்கொட்டைதான் காசு. “மூன்று காசு கொடு” என்கிறான் கடைக்காரன். எதிரிலிருப்பவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி வைக்கிறாள். ஒருத்தி வரிசையில் முந்துகிறாள், பின்னாலிருப்பவன் ஆட்சேபிக்கிறான், வழக்கு நடந்து தீர்ப்பும் ஆகிறது. எண்ணும் பேச்சும் பொறுமையும் இந்தக் கடையில் ஒன்றாகவே விற்பனையாகின்றன. இவற்றுக்கு மேலே, புளியங்கொட்டை காசு ‘ஆகிற’ அற்புதம் ஒன்று இருக்கிறது. ருஷ்ய தேசத்து மனோதத்துவ அறிஞர் வைகாட்ஸ்கி 1933-ல் நிகழ்த்திய ஒரு சொற்பொழிவில் இதைப் பற்றி விரிவாகப் பேசினார். குழந்தை ஒரு குச்சியைக் குதிரையாக்கி ஏறிக்கொள்ளும்போது, கண்ணுக்குத் தெரியும் பொருளிலிருந்து அதன் அர்த்தத்தைப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொள்கிறது என்பது அவர் கருத்து. எழுத்து என்பதும் அதுதானே! காகிதத்தில் கிறுக்கிய ஒரு கோடு ஒரு சப்தத்துக்குப் பதிலாக நிற்கிறது. குச்சியைக் குதிரையாக்கிப் பார்க்காத குழந்தைக்குக் கோட்டை ஓசையாக்கிக் காட்டுவது எவ்வளவு சிரமம் என்பதை ஆரம்ப வகுப்பு உபாத்தியாயர்களைக் கேட்டால் தெரியும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். சிறு குழந்தைகளுக்கு மாயாஜாலக் கதைகள் கூடாது என்பது மாண்டிஸோரி அம்மையாரின் அபிப்பிராயம். கிஜுபாய் குருவிடம் பக்தியுள்ள சிஷ்யர்தான். ஆனாலும் இதில் அவர் தம் வழியே சென்றார். பால மந்திரில் கதையும் பாட்டும் நாடகமும் தாராளமாக நடந்தன. அவரே குழந்தைகளுக்காக ஏராளமான கதைகளை எழுதிக் குவித்தார். பாட்டி மடியில் கதை கேட்டு வளர்ந்த தேசம் இது. கிஜுபாய் செய்ததே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

விளையாட்டு என்றால் குழந்தைகளைச் சும்மா அவிழ்த்து விட்டுவிட்டு உபாத்தியாயினி ஓரமாய் உட்கார்ந்திருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் கரும்பலகைப் பாடத்தைவிட இதற்கு உழைப்பு அதிகம். எந்தச் சாமானை எங்கே வைப்பது, எந்தக் குழந்தை யாருடனும் சேராமல் நிற்கிறது, எப்போது ஒரு கேள்வி போடுவது, எப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்பவற்றையெல்லாம் அவள் கவனித்தபடி இருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் எங்கள் ஜாதிக்கு மிகவும் கஷ்டம்!

“அடுத்த வீட்டுக் குழந்தை எழுதுகிறதே, நம் குழந்தை பின்தங்கிவிடாதா?” என்ற பயம் நியாயமானதுதான். பின்லாந்து தேசத்தில் முறையான பள்ளிப் படிப்பு 7-வது வயதில்தான் ஆரம்பமாகிறது. அதனால் அந்தத் தேசத்துக் குழந்தைகள் படிக்கத் தெரியாமல் போய்விடவில்லை.

1931 அக்டோபரில் மகாத்மா காந்தி லண்டனில் மாண்டிஸோரி பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றிருந்தார். இத்தகைய கல்வி செல்வர் வீட்டுக் குழந்தைகளோடு நின்றுவிடாமல் பரம ஏழைகளின் குழந்தைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்ற தமது நம்பிக்கையை அங்கே வெளியிட்டார். அம்மையாரே 1939 நவம்பரில் சென்னைக்கு வந்து அடையாற்றில் சுமார் 300 பேருக்குப் பயிற்சி அளித்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், ஜூன் மாதத்தில், கிஜுபாய் காலமாகிவிட்டார்.

காந்தியடிகளின் விருப்பத்தைச் செய்கையில் காட்டியவர் கிஜுபாயின் சக ஊழியரான ஸ்ரீமதி தாராபாய் மோடக். 1945-ல் பம்பாய்க்கு வடக்கே கடலோரத்திலுள்ள போர்டி கிராமத்துக்குக் குடிபோனார். விலை உயர்ந்த சாமான்களுக்கு அங்கே பணம் ஏது? விதைகள், கூழாங்கற்கள், கிளிஞ்சல்கள், களிமண் இவையே போதும் என்று வைத்துக்கொண்டார். குழந்தைகள் பள்ளிக்கு வராவிட்டால் பள்ளியையே அவர்களுடைய வீட்டு முற்றத்துக்குக் கொண்டு போனார். பின்னர் கோஸ்பாடு குன்றில், 13 வயதில் விதவையான அனுதாய் வாக் அம்மையாருடன் சேர்ந்து, வார்லி ஆதிவாசிக் குழந்தைகளுக்காகப் பாடுபட்டார். மாடு மேய்க்கும் சிறுவர்களுக்காக மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி நடந்தது. ‘அங்கன்’ என்றால் முற்றம். 1975-ல் இந்திய சர்க்கார் தொடங்கிய திட்டத்தினால் ‘அங்கன்வாடி’ என்ற சொல் இன்று ஊர்தோறும் வழங்குகிறது.

சத்துமாவுக்கும் முட்டைக்கும் பெயர் பெற்ற அந்த அங்கன்வாடியில், நன்றாக நடக்கிற இடமாயிருந்தால், கூலிக்காரர் வீட்டுக் குழந்தை காலை வேளையில் கூழாங்கற்களை எண்ணிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். 3 வயது முதல் 8 வயது வரை விளையாட்டின் மூலமே கல்வி என்று 2020-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது. அதே தெருவில், அதிகச் சம்பளம் வாங்கும் நர்ஸரிப் பள்ளியில், வசதியுள்ளவர் வீட்டுக் குழந்தை நோட்டுப் புத்தகத்தின் மேல் குனிந்திருக்கிறது.