குலசாமிக்கும் சார்ஜ் இறங்கும்!

சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணி. திங்கட்கிழமை இன்டர்னல் டெஸ்ட். எங்க ஹாஸ்டல் ரூம்ல அஞ்சு பேர் சுத்தி உட்கார்ந்து என்ன பண்ணிட்டிருந்தோம் தெரியுமா? ஒரு மான் ஏன் நொண்டுதுன்னு சண்டை!

பதறாதீங்க... நிஜ மான் இல்லை. 'ரூன்குவெஸ்ட்'ங்கிற ரோல்பிளேயிங் கேம். கேயாசியம் கம்பெனி 1978-ல வெளியிட்டது. ஒருத்தி கதை சொல்லணும், மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டரா பேசணும். நினைச்சது நடக்குமான்னு பத்துப் பக்கப் பகடை ரெண்டை உருட்டி, நூத்துக்கு எத்தனைனு பார்க்கணும். (பகடை கிடைக்கலைனா செல்போன் போதும்!)

கதை நடக்கிற உலகம் க்ளொராந்தா. உருவாக்கியவர் க்ரெக் ஸ்டாஃபோர்ட், 2018-ல காலமானார். அங்கே ஒவ்வொரு குலத்துக்கும் 'வைட்டர்'னு ஒரு காவல் ஆவி. நம்ம ஊர் பாஷையில குலசாமி. ஈட்டியில குடியிருக்கும், கொடியில இருக்கும், மிருக ரூபத்திலும் வரும். கோலிமார் இனத்துக்கு ஒரு கருப்பு ஈட்டி!

இதுல எனக்குப் பிடிச்ச மேட்டர் என்னன்னா, வைட்டருக்குச் சொந்தமா பவர் கிடையாது. குலத்து ஜனங்க கொடுக்கிற சக்திதான் அதோட பலம். ஜனம் சிதறினா சாமியும் காலி. அப்படின்னா குலம் பழக்கத்தை மாத்தினா?

எங்க கதையில அதுதான் ஆச்சு. எங்களோடது வேட்டைக்காரக் குலம், சாமி மான். நாலு வாரம் ஆடினதுல காட்டை வெட்டி பார்லி விதைச்சுட்டோம். பஞ்சத்துல வந்த அகதிகளையும் சேர்த்துக்கிட்டோம். அஞ்சாவது வாரம் மான் நொண்டிக்கிட்டு வந்து நிக்குது! 'வேட்டையை விட்டதால கோபம்'னு ஒரு கட்சி. 'புதுசா வந்தவங்களை நீங்க இன்னும் மானுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போகவே இல்லையே'னு இன்னொரு கட்சி.

நான் ரெண்டாவது கட்சி. ஏன்னா என் கேரக்டர் பக்கத்துக் குலத்துலேர்ந்து கல்யாணமாகி வந்தவ. மானுக்குச் சக்தி கொடுக்க மட்டும் கூப்பிடுவாங்க, நிலத்தைப் பத்திப் பேசினா 'நீ வெளியாள்'! கேம்தான்... ஆனா சுருக்குனு இருந்துச்சு.

ரெண்டு மணி நேரம் கத்தி, கடைசியில ஒரு சடங்கு நடத்தினோம். அகதிகளும் மருமகள்களும் வரிசையா வந்து மான் கொம்புல ஒரு பார்லிக் கதிர் கட்டணும். பகடையில 31 விழுந்துச்சு, ஜஸ்ட் பாஸ். மான் நிமிர்ந்துருச்சு. ஆனா பழைய வேட்டைக் குடும்பம் ஒண்ணு கோவிச்சுக்கிட்டு குலத்தை விட்டே போயிடுச்சு. அதுல எங்களோட பெஸ்ட் வில்லாளி! இன்னிக்கு வரைக்கும் அந்த இடம் காலிதான்.

தனியா ஆடணும்னா, இதே உலகத்துல நடக்கிற 'கிங் ஆஃப் டிராகன் பாஸ்'னு 1999-ல வந்த கம்ப்யூட்டர் கேம் இருக்கு. ஆரம்பத்துலயே உங்க முன்னோர் யாரைப் பகைச்சாங்க, அடிமை வச்சிருந்தாங்களானு கேட்கும். விளையாட்டா பதில் சொல்லிட்டு, பின்னாடி அதுக்கு எதிரா நடந்தீங்கனா முன்னோர் முறைப்பாங்க. உஷார்!

மறுநாள் அம்மாவுக்கு போன் போட்டு மான் கதையைச் சொன்னேன். சிரிச்சாங்க. "கல்யாணம் ஆன அன்னிக்கே எனக்கும் சாமி மாறிடுச்சுடி. உங்கப்பா ஊர் அய்யனாருக்கு இருபத்திரண்டு வருஷமா பொங்கல் வைக்கிறேன். ஆனா தலைக்கட்டு வரி நோட்டுல அப்பா பேர், அடுத்து தம்பி பேர்தான்."

"உன் பேர்?"

"எனக்கு எதுக்குடி? சரி, உங்க மானுக்கு வரி எவ்வளவு?"